மாமனாரின் விமானத்துக்கு நான் எழுதிய அட்டை

இந்த நாற்காலிக்குப் பின்கால் ஒன்று குட்டை, ஐயா. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. தப்பாக நினைக்க வேண்டாம், தொழில் பழக்கம். நான் முத்திரை ஆய்வாளர். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதையே செய்வதால், எங்கே போனாலும் கண் முதலில் கோணலைத்தான் தேடும்.

இங்கே வந்ததும் ஒரு கோணலைச் சொல்லத்தான். என் மாமனார் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். 'அலைதடுப்புச் சுவரில் பாசி வழுக்கித் தவறி விழுந்து' என்று இருக்கிறது. அவர் வழுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார் என்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சொன்னார்கள். உங்கள் ஏட்டு அதை எழுதிக்கொள்ளவில்லை. வழுக்கி விழுகிறவன் கண்ணாடியை மடிக்க மாட்டான். அவர் இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை முழுவதும் அறிந்தவன் நான் ஒருவன்தான்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். சொல்லும்போது வாயோரம் கொஞ்சம் கோணும். கீழே அவரும் மாமியாரும், மாடியில் நாங்கள். குழந்தை இல்லை. மாமனார் போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தவர். இரட்டை எஞ்சின், ஐந்து பேர் போகும் நடுத்தரக் குண்டுவீச்சு விமானம். அதன் மூக்கில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் குப்புறப் படுத்து, குறி பார்த்து, குண்டு போடுகிறவர் அவர். போர் முடிந்து நாற்பத்தோரு வருடம் ஆகியும் அந்தக் கூண்டிலிருந்து அவர் வெளியே வந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. யாரைப் பார்த்தாலும் மேலிருந்துதான் பார்ப்பார்.

என்னைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். சுவரில் ஆணி அடிக்கப் போனால், "சுத்தியலை இப்படிக் குடுங்க மாப்பிள்ளை, உங்களுக்கு எடை போடத்தான் தெரியும்" என்பார். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாளும் கூடவே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்து, வருகிற நர்ஸிடம் எல்லாம், "பாத்துக் குத்தும்மா, எங்க மாப்பிள்ளைக்கு ஊசின்னா உயிர் போயிரும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பதினோரு நாள், ஐயா. நான் எண்ணினேன்.

எனக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. கப்பல் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடி அறையில் பெரிய மேஜை மேல் நீலத் துணி விரிப்போம். சுண்டுவிரல் நீளத்துக்கு ஈயத்தில் வார்த்த போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு: வேகம் எவ்வளவு, பீரங்கி எத்தனை, எவ்வளவு அடி தாங்கும். நாடாவால் அளந்து கப்பலை நகர்த்துவோம். சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். விதிப் புத்தகம் நானே எழுதியது. எண்பத்து நான்கு பக்கம். என்னோடு ஆடுகிறவர் அடுத்த தெருப் பல் டாக்டர். மாமனார் எனக்கு வைத்த பெயர் அட்மிரல். "அட்மிரல் சாப்பிட வரலையா, கப்பல் தரை தட்டிருச்சா?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

போன வருடம் மாமியார் இறந்தார். அதன் பிறகு அவர் கூடத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மனைவிதான் சொன்னாள். "என்னங்க, அப்பாவையும் உங்க ஆட்டத்துல சேத்துக்கங்களேன். இப்படியே விட்டா அம்மா பின்னாலயே போயிருவாரு." சேர்த்துக்கொண்டேன். முதல் ஞாயிறே அவர் மேஜையைச் சுற்றி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கப்பலா இருக்கு. மேல ஒண்ணையும் காணோமே. ஆகாசத்தை யாரு வித்துட்டாங்க?" என்றார். டாக்டர் சிரித்தார். அடுத்து மாமனார் கேட்டார்: "நம்ம விமானத்தை இதுல கொண்டுவர முடியுமா மாப்பிள்ளை?"

முடியும் என்றேன். கொஞ்சம் வேலைதான். கப்பல் அளவிலேயே விமானத்தையும் செய்தால் நகத்தில் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் கட்டைவிரல் நீளத்துக்குப் பெரிதாக்கினேன். மரத்தில் செதுக்கி, அச்செடுத்து, ஈயம் ஊற்றி, பித்தளைக் கம்பி மேல் நிறுத்தினேன். மூக்கில் கண்ணாடிக்குப் பதிலாக என் மனைவியின் நகப்பூச்சில் நிறமில்லாத ஒன்றைச் சொட்டு விட்டேன். அதைக் கையில் வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுண்டுவிரல் நகத்தால் அந்தச் சொட்டைத் தொட்டு, "இங்கதான் கெடப்பேன்" என்றார்.

அடுத்தது அட்டை. கப்பல் ஆட்டத்தில் விமானத்தை நுழைக்க வேண்டுமென்றால் நிறையத் தெரிய வேண்டும். எவ்வளவு தாழ வரும், எத்தனை குண்டு, பத்து முறை போட்டால் எத்தனை படும். கேட்டேன். சாயங்காலங்களில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் அவரிடம் கேள்வி கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் மழைக்காலத்து மதகு மாதிரி திறந்துகொண்டார். தன் குறி தப்பியதே இல்லை என்றார். கூட வந்தவர்கள் எல்லாம் கடலில் மீனுக்கு இரை போட்டவர்கள் என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கூடத்துச் சுவரில் வெளுத்துப்போன ஒரு சதுரத்தைக் காட்டி, அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். பதக்கம் என்றார். கண்ணாடி உடைந்ததால் எடுத்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். என்னிடம் வேறு சொன்னார்.

ஒரு ஜலசந்தியில் நான்கு சரக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. மூன்று விமானங்கள் தாழப் பறந்து தாக்கின. மூன்றாவது கப்பல் மூழ்கியது. மாமனாரின் விமானமும் அடிபட்டு, கரையோரச் சதுப்பில் வயிற்றால் இறங்கியது. ஐந்து பேரில் அவர் மட்டும் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது சட்டையில் பதக்கம் இருந்தது. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் செய்தித்தாளில் படித்தார்: அந்த மூன்றாவது கப்பலில் சரக்கு இல்லை. துறைமுக ஊரைக் காலி செய்துகொண்டு போன குடும்பங்கள். நூற்று முப்பத்தேழு பேர். பாதிக்கு மேல் குழந்தைகள்.

"பொத்தானை நான் அழுத்துனேன் மாப்பிள்ளை. குண்டு போனா விமானம் லேசாயி ஒரு துள்ளு துள்ளும். அன்னைக்கும் துள்ளுச்சு. ஆனா மத்த ரெண்டு பேரும் அதே நேரம்தான் போட்டாங்க. எது பட்டுச்சுன்னு எவனுக்கும் தெரியாது. உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். அவ, 'உங்களோடது இருக்காது'ன்னு சொல்லிட்டே இருப்பா. இப்ப அதைச் சொல்றதுக்கும் ஆளில்ல."

பிறகு மேஜைப் பக்கம் பார்த்தார். "உங்க ஆட்டத்துல போட்டுப் பாத்தா தெரியுமா?"

நான் நேர்மையாகவே தொடங்கினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுதியாகத் தெரியாது, ஆனால் ஓர் அளவுக்குக் கணிக்கலாம் என்றேன். விமானப்படை ஆவணக் காப்பகத்துக்கு அலுவலக முகவரியிலிருந்து கடிதம் எழுதினேன். பதில் வரும்வரை மூன்று விமானத்துக்கும் ஒரே எண்: ஒன்றோ இரண்டோ விழுந்தால் குண்டு பட்டது, மற்றபடி படவில்லை. எட்டு ஞாயிறு ஆடினோம். அவர் விமானம் சில முறை கப்பலை அடித்தது, பல முறை விட்டது. "பாத்தீங்களா, சொல்ல முடியாது. ஒண்ணும் சொல்ல முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சாப்பாடு ஏறியது. குளியலறையில் பாட ஆரம்பித்தார். ஒருநாள் என் மனைவி சமையலறையில் நின்று அதைக் கேட்டு அழுதாள்.

ஒன்பதாவது வாரம் பதில் வந்தது. ஒரு பக்கக் கடிதமும், சதுப்பில் விழுந்த விமானத்தை மீட்கப் போன குழுவின் அறிக்கை நகலும். விமானத்தின் வயிற்றுக்குள் போகும் மின்கம்பி எதிரியின் குண்டுச் சிதறலில் அறுந்திருந்தது. நான்கு குண்டுகளும் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. செயலிழக்கச் செய்து அப்புறப்படுத்தினார்கள். அவர் அழுத்திய பொத்தான் எதையும் செய்யவில்லை. விமானம் துள்ளியது அடிபட்டதால். அவர் கையிலிருந்து ஒரு குண்டும் விழவில்லை, ஐயா. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. பதக்கம் கொடுத்த பிறகு சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். கொடுக்கத்தான் போனேன். கூடத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க என் கொடிக்கப்பலை அதன் மேல் வைத்திருந்தார். நான்கு மாதம் செய்த கப்பல். அதன் கம்பத்துக் கொடியை ஒற்றைத் தலைமுடியால் கட்டியிருந்தேன். அது வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க அட்மிரல். பத்தொம்பது வருஷத்துல உங்க கடற்படை இன்னைக்குத்தான் ஒரு வேலை செஞ்சிருக்கு" என்றார்.

என் மனைவி சிரித்தாள். மாமியார் இறந்த பிறகு முதல் சிரிப்பு. சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அவள் என்னோடு அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

நான் மாடிக்குப் போய்க் கொடியை நிமிர்த்தினேன். பிறகு உட்கார்ந்து புதிய அட்டை எழுதினேன். அவர் என்னிடம் பீற்றிக்கொண்டதை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணாக மாற்றினேன். குறி தப்பாதவர்: ஒன்று கூட்டினேன். மற்றவர்களைவிடத் தாழப் பறந்தவர்: இன்னொன்று. மற்றவர்கள் மீனுக்கு இரை போட்டவர்கள்: ஆளுக்கு ஒன்று குறைத்தேன். அவர் விமானத்துக்கு நான்கு. ஒன்றிலிருந்து நான்குவரை எது விழுந்தாலும் பட்டது. மற்ற இரண்டுக்கும் ஒன்று மட்டும். அதில் ஒரு சொல்கூட நான் கற்பனை செய்யவில்லை. எல்லாம் அவர் வாயால் வந்தவை.

"ஆவணக் காப்பகத்துலேருந்து பதில் வந்திருச்சு மாமா" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "அதை வச்சுத் திருத்தியிருக்கேன்."

"காட்டுங்களேன்."

"ஆபீஸ்ல இருக்குங்க."

அவர் அப்புறம் கேட்கவே இல்லை. அரசாங்க முத்திரையைக் கையில் வைத்திருக்கிறவன் அளவில் பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை. பகடையை நான் தொடவில்லை. எப்போதும் அவரேதான் உருட்டினார். முதல் நாள் ஒன்பது தடவையில் ஏழு தடவை பட்டது.

அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "ஒரு தடவை போட்டுரலாமா மாப்பிள்ளை?" என்று படியடியில் நிற்பார். மாப்பிள்ளைதான். அட்மிரல் போய்விட்டது. குரலில் ஒரு பணிவு வந்திருந்தது. எனக்கு அது கூச்சமாக இருந்தது என்று சொன்னால் பொய். நான் அந்தச் சமயத்தில் மூன்றாவது கப்பலைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தேன். பழைய மாதிரியில் மேல்தளம் வெறுமையாக இருந்தது, உண்மைக்குப் பொருந்தவில்லை. ஊசி முனையைப் பூச்சில் தொட்டு, ஒரு புள்ளி ஒரு தலை என்று வைத்தேன். நூற்று முப்பத்தேழு. குழந்தைகளுக்கு இன்னும் மெல்லிய ஊசி. என் மனைவி எட்டிப் பார்த்து, "எவ்வளவு பொறுமைங்க உங்களுக்கு" என்றாள். அது என்ன கப்பல் என்று அவளுக்கு அப்போது தெரியாது. மாமனார் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு மதியம் முழுக்க எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

மேஜையடியில் அந்தக் கதையைக் கேட்டிருந்த டாக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னய்யா ஆட்டம் இது? பகடைக்குப் போன வாரம் நடந்ததே தெரியாது, நாப்பது வருஷக் கதை எப்படித் தெரியும்?" என்று என்னிடம் சீறினார். மாமனாரைப் பார்த்து, "பெரியவரே, எழுந்திரிங்க. காலாற நடந்துட்டு வரலாம்" என்றார்.

"டாக்டர், இத்தனை வருஷமா என் சம்சாரம் எனக்கு ஆறுதல்தான் சொன்னா. பதில் சொல்லல. இது சொல்லுது."

டாக்டர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நாலு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். என்ன கணக்கு என்று விளக்கினேன். அவர் அட்டையை வைத்துவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, படியிறங்கிப் போனார். அதன் பிறகு வரவில்லை.

அறுபத்திரண்டு தடவை உருட்டினார். நாற்பத்து மூன்று தடவை பட்டது. அவர் தட்டில் சாப்பாடு அப்படியே இருக்கும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் என் மனைவி புது ஓட்டை போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், சத்து மாத்திரை வாங்கினாள், என்னிடம் வந்து, "உங்க பேச்சைத்தான் கேக்குறாரு, நீங்க சொல்லுங்களேன்" என்றாள். சாப்பிடச் சொன்னேன். நான் சொன்னதற்காக இரண்டு கவளம் சாப்பிட்டார்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு மாடிக்கு வந்தார். சவரம் செய்திருந்தார். சலவைச் சட்டை. நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அத்தனை நாளும் அதைப் பையில்தான் வைத்திருந்தேன், சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிக்கொள்வேன். அவர் என் கையைப் பிடித்தார். பத்தொன்பது வருடத்தில் அதுவும் முதல் தடவை.

"நான் உங்களைக் கிண்டல் பண்ணியே காலத்தை ஓட்டிட்டேன் மாப்பிள்ளை. மகன் இல்லாத வீடு. வேற எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க ஒருத்தர்தான் என்கிட்டப் பொய் சொல்லல. அதுக்கு நன்றி."

"பரவாயில்லைங்க மாமா" என்றேன்.

அவர் படியிறங்கினார். சன்னலிலிருந்து பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து கடை வீதிக்குப் போக இடப்பக்கம், துறைமுகத்துப் பேருந்துக்கு வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பினார். பேருந்து வர எட்டு நிமிடம் ஆனது. மெதுவாக நடந்தாலும் நான் மூன்று நிமிடத்தில் போயிருப்பேன். பேருந்து புறப்பட்ட பிறகு சன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். அன்று காய்கறிச் சந்தையில் பதினான்கு தராசு சோதித்தேன். இரண்டில் பிழை.

சட்டத்தில் இதற்கு என்ன பிரிவு என்று எனக்குத் தெரியாது. நான் கை வைத்துத் தள்ளவில்லை. பூஜ்யம் என்று எழுத வேண்டிய இடத்தில் நான்கு என்று எழுதினேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்து எழுதினேன்; தெரிந்துதான் சன்னலில் நின்றேன். அவரைக் கொன்றது நான். அறிக்கையில் பாசியை அடித்துவிட்டு அதைப் போடுங்கள்.

இன்னொன்றும் விட்டுப்போகக் கூடாது. அவர் தலையணைக்கு அடியில் மகளுக்கு ஒரு கடிதம் வைத்திருந்தார். நடந்ததை எல்லாம் எழுதி, 'கப்பல் என்னுடையதுதான், உறுதியாகிவிட்டது' என்று முடித்திருந்தார். அவள் அதை உங்களிடம் காட்டவில்லை. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள், மானத்துக்கு அஞ்சியிருப்பாள். காரியம் எல்லாம் முடிந்த மறுநாள், மதியம், அவள் தானாகவே மாடிக்கு வந்தாள். "எங்கப்பா போட்டிருக்க மாட்டாரு. நான் போட்டுப் பாக்குறேன். எப்படி ஆடணும்னு சொல்லிக் குடுங்க" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு நாளாக ஆடுகிறோம். நான் வேலையிலிருந்து வரும்போது துணி விரித்துத் தயாராக வைத்திருக்கிறாள். அவளுக்கும் அப்படித்தான் விழுகிறது. நேற்று நான்கு விழுந்ததைப் படவில்லை என்று எழுதப் பார்த்தாள், திருத்தினேன். கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உருட்டினாள்.

காப்பகத்துக் கடிதமும் நகலும் இந்த உறையில் இருக்கின்றன. கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் திருப்பித் தர வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அதை அவளிடம் காட்ட வேண்டாம். இத்தனை வருடத்தில் இப்போதுதான் என் மனைவி எனக்கு எதிரே வந்து உட்கார்கிறாள்.